மாம்பலத்துக்கு ஒரு டின் ஏரி மண்

புரட்டாசி அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்கு மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு போன் வரும். "அங்கிள், மண் எடுத்து வச்சிட்டீங்களா?" என்று ஒரு பெண் கேட்கும். மண் என்றால் எங்க ஏரி மண். சலித்தது, ஒரு பெயின்ட் டின் நிறைய. கூடவே ஓர் ஆழாக்கு கேழ்வரகு, கொஞ்சம் கடுகு, காய்ந்த எருத்தூள் ஒரு பை. எல்லாம் அவங்க வீட்டுக் கொலுவுக்கு. பொம்மைக்கு இல்லை, பார்க்குக்கு.

கொலு என்றால் உங்களில் பலருக்குப் படிதான் ஞாபகம் வரும். மேல் படியில் கலசம், அப்புறம் சாமி, அப்புறம் மகான்கள், கீழ்ப்படியில் மரப்பாச்சி ஜோடியும் கடை விரித்து உட்கார்ந்திருக்கும் செட்டியாரும். எனக்குப் படியைவிடத் தரைதான் முக்கியம். படிக்கு முன்னால் தரையில் மண் கொட்டி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, அட்டையில் வீடு ஒட்டி, முளைவிட்ட பயிரை வயலாக்கி வைப்பாங்களே, அதுக்குப் பேர் பார்க். தோட்டம், ஊர், மலை, கோயில் குளம் எதுவா இருந்தாலும் சென்னையில் அது பார்க்தான். படியில் இருப்பது கடையில் வாங்கினது. பார்க்கில் இருப்பது கையால் செய்தது. பத்து நாளில் கலைத்துவிடுவதால் அதை யாரும் எடுத்து வைப்பதில்லை, அதன் கதையையும் யாரும் அதிகமா எழுதி வைக்கலை. எனக்குத் தெரிஞ்சதை எழுதிவிடுகிறேன்.

நான் முதல்முதலா மாம்பலம் போனது 1979-ல். எங்க பக்கத்து ஜனமெல்லாம் காஞ்சிபுரத்துக்கு அத்திவரதரைப் பார்க்கப் போன வருஷம் அது. எனக்கு ஒன்பது வயசு. ஊர் உத்திரமேரூர் பக்கம். நாங்கள் உழுத நிலம் எங்களுடையது இல்லை. நிலக்காரக் குடும்பம் எங்க அப்பா பிறக்கும் முன்பே ஊரை விட்டுப் போய் மாம்பலத்தில் வீடு கட்டிக்கொண்டது. அப்பா குத்தகைக்காரர். சொர்ணவாரி அறுத்து முடிந்ததும் குத்தகைக் கணக்குப் பேச மாம்பலம் போவார். அது ஆவணி, புரட்டாசி. அதனால் கணக்கும் கொலுவும் ஒண்ணாவே வரும். தோளில் அரிசி மூட்டை, கையில் மண் டின். தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து எலக்ட்ரிக் ரயில். ரயில் பெட்டியில் மண் டின்னைப் பார்த்து ஒருவர், "மெட்ராஸ்ல மண்ணுக்குமா பஞ்சம்?" என்று கேட்டார். அப்பா சிரித்தார், பதில் சொல்லவில்லை.

மாம்பலம் ஸ்டேஷனில் மேற்கே இறங்கி ஆரியகௌடா ரோட்டைத் தாண்டி நடந்தால் லேக் வியூ ரோடு. அந்தப் பக்கத்தில்தான் வீடு. நான் ஏரியைத் தேடினேன். இல்லை. "ஏரி எங்கப்பா?" என்றேன். "இருந்துச்சாம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வீட்டு அம்மாவை நாங்கள் மாம்பலத்தம்மா என்போம். அவங்க பார்க் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவது தெரியாது. வருஷம் முழுக்க ஒரு பிஸ்கட் டின்னில் சாமான் சேர்த்து வைத்திருப்பாங்க. காலித் தீப்பெட்டி, சிகரெட் அட்டைக்குள் இருக்கும் ஈயத்தாள், உடைந்த வளையல், கிளிஞ்சல், தென்னங்குச்சி, பஞ்சு, மாத்திரை பாட்டில் மூடி, கல்யாணப் பத்திரிகை அட்டை. இத்துடன் கடையில் வாங்கினது கொஞ்சம்: கிளேஸ் பேப்பர், ஜிகினாத்தூள், பச்சைச் சாயம் போட்ட மரத்தூள். பசை வீட்டில் காய்ச்சின மைதாப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போடுவாங்க. தீப்பெட்டி நாலு ஒட்டினால் திண்ணை வைத்த வீடு. தென்னங்குச்சியை வரிசையாக் கட்டினால் வேலி. செங்கல்தூள் ரோடு. கோலமாவில் பாத்தி பிரிப்பது. பஞ்சு மேகமா, பனியா என்று அவங்களுக்கும் அவங்க பையனுக்கும் வருஷா வருஷம் சண்டை. கைலாசம் வைக்கிற வருஷம் பனி, ஊர் வைக்கிற வருஷம் மேகம்.

அந்த வருஷம் ஊர். எங்க ஊர். அவங்க பிறந்து வளர்ந்த ஊர்.

முளைப்பயிர் விஷயத்தில் மட்டும் அப்பா பேச்சுதான் செல்லும். நகரத்தில் இதைத் தப்பாகச் செய்பவர்கள் அதிகம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடுகு இரண்டு மூன்று நாளில் தலைகாட்டிவிடும். கேழ்வரகுக்கு நாலைந்து நாள் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் தூவினால் ஒன்று வாடும்போது இன்னொன்று முளைக்கும். கேழ்வரகை ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி, வாய் திறந்ததும் தூவி, மேலே மெல்லிசா எருத்தூள் போட்டால் போதும். மண்ணை அள்ளி மூடக் கூடாது. தண்ணீரைக் கையால் தெளிக்கணும், ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். இன்னொன்று, ஹாலில் வெளிச்சம் ஒரு பக்கம் இருந்துதான் வரும். நாலாம் நாள் பார்த்தால் பயிர் முழுக்க ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். தினம் தட்டை அரைவட்டம் திருப்பி வைக்க வேண்டும். நட்ட நடு ஹாலில் பெரிய பார்க்கை எப்படித் திருப்புவது? அதனால்தான் பயிரைத் தனித்தனித் தட்டில் வளர்த்து, கடைசியில் பார்க்கில் இறக்குவது.

கிராமத்தில் இதே வேலையை முளைப்பாரி என்று செய்கிறோம். அங்கே வேண்டுமென்றே இருட்டறையில் வளர்ப்பார்கள். வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று மஞ்சளாய் வளரும், தலையில் தூக்கிப் போகும்போது ஆடும், அதுதான் அழகு. விதையின் முளைப்புத் திறனைப் பார்க்கிற சோதனை என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அது எனக்குச் சரியாகவே படுகிறது, விதைக்கும் முன் ஒரு கைப்பிடியை முளைகட்டிப் பார்ப்பது எந்தச் சம்சாரியும் செய்வதுதான். மகாராஷ்டிரத்திலும் வடக்கேயும் நவராத்திரி முதல் நாள் கலசத்தைச் சுற்றி மண் பரப்பித் தானியம் தூவுகிறார்கள். ஆக மண்ணும் முளையும் நவராத்திரியோடு பல ஊர்களில் ஒட்டிக்கொண்டே இருக்கிற சமாசாரம்.

படி மட்டும் வேறு வழியில் வந்தது. கொலு என்ற சொல்லே அரச சமாசாரம். ராஜா கொலுவீற்றிருப்பார், அவர் உட்காரும் இடம் கொலுமண்டபம். விஜயநகர மன்னர்கள் ஹம்பியில் ஒன்பது நாள் மகாநவமி கொண்டாடினார்கள். 1520 வாக்கில் அங்கே வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ் அதைப் பார்த்து விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அந்த மகாநவமி மேடை இன்றும் இருக்கிறது. நான் ஒரு தடவை விவசாயிகள் சுற்றுலாவில் போனபோது பார்த்தேன். அடுக்கடுக்கான கல் மேடை, அடுக்குக்கு அடுக்கு யானை, குதிரை, ஆடுகிற பெண்கள், வேட்டைக்காரர்கள் என்று சிற்ப வரிசை. எனக்குப் பளிச்சென்று மாம்பலத்தம்மா வீட்டுப் படி ஞாபகம் வந்தது. கூட வந்தவரிடம் சொன்னேன், அவர் மோர் எங்கே கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். விஜயநகரம் விழுந்த பிறகு இந்த விழாவை மைசூர் உடையார்கள் எடுத்துக்கொண்டார்கள், 1610-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கினது இன்றைய தசரா. இந்தப் பக்கம் மதுரை நாயக்கர்கள், ராமநாதபுரம் சேதுபதிகள். அரண்மனையில் ராஜா தனக்குக் கீழே இருப்பவர்களை வரிசைப்படுத்தி உட்கார வைத்ததை, வீட்டில் அம்மா பொம்மைகளை வைத்துச் செய்கிறார். மேலே யார், கீழே யார் என்பது படியில் எப்போதும் தீர்மானமான விஷயம். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

பார்க்கில் அப்படி மேல், கீழ் இல்லை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் மண்ணைப் பற்றி ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் எனக்குப் பத்துப் பேராவது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புகிறார்கள். மழைக்கு முன்னால் ஏரி, குளங்களைத் தூர்வாருவதற்காகவே நம் முன்னோர் கொலுவை ஏற்படுத்தினார்கள், வருஷா வருஷம் புதுப் பொம்மை வாங்கணும் என்று வைத்ததே அதற்குத்தான் என்று. படிக்க நல்லாத்தான் இருக்கு. கணக்கு மட்டும் இடிக்குது. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒரே ஒரு அடி ஆழத்துக்கு வண்டல் எடுத்தால் 43,560 கன அடி. கன அடிக்கு 40 கிலோ என்று குறைத்து வைத்தாலும் 17 லட்சம் கிலோவுக்கு மேல். பொம்மைக்கு 2 கிலோ மண் என்றால் எட்டரை லட்சம் பொம்மை. இது ஒரு ஏக்கருக்கு! ஏரி என்றால் நூறு ஏக்கர், இருநூறு ஏக்கர் சர்வசாதாரணம். அவ்வளவு பொம்மையை யார் வாங்குவது, எந்தப் படியில் வைப்பது?

நேரமும் ஒத்துவரவில்லை. பொம்மைக்காரர்கள் புரட்டாசியில் மண் எடுத்தால் அந்தப் புரட்டாசிக்கு விற்க முடியாது. மண்ணைப் புளிக்க வைக்கணும், கல் பொறுக்கி மிதிக்கணும், இரண்டு பாதி அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டணும், நிழலில் காயவைக்கணும், சூளையில் வேகவைக்கணும், வெள்ளை பூசி வர்ணம் தீட்டணும். வெயில் காலத்தில் ஏரி வறண்டு கிடக்கும்போது எடுத்த மண்தான் புரட்டாசியில் பொம்மையாக வந்து நிற்கும். விவசாயியும் சித்திரை, வைகாசியில்தான் வண்டல் அடிப்பான். வண்டி வண்டியாக வயலில் கொட்டுவான். ஏரியைத் தூர்வாரியது உழவனின் வயிறு. பொம்மைக்காரர் எடுத்தது அதில் ஒரு பிடி. ஆனால் நல்ல பிடி, மணல் கலக்காத மெழுகு மண் எந்த மூலையில் படியும் என்று எங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

தூர்வாரியதற்குச் சாட்சி வேண்டும் என்றால் கொலுவில் தேடாதீர்கள், எங்க உத்திரமேரூருக்கு வாங்க. அங்கே வைரமேகத் தடாகம் என்று பல்லவர் காலத்து ஏரி. அதில் தூர் எடுப்பதற்கென்று கொடை வைத்ததைக் கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பொம்மை செய்வதற்கு மண் எடுப்பது வேறு, ஏரியை ஒரு பொறுப்பாக எடுத்துப் பார்ப்பது வேறு. இரண்டையும் குழப்பினால் பொம்மை வாங்கினாலே ஏரிக்குச் செய்துவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு அதுதான் கோபம்.

பொம்மைக்காரர்களும் எங்க பக்கத்து ஆட்கள்தான். காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. பண்ருட்டி, மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி, சென்னைக்குள்ளேயே கொசப்பேட்டை என்று தொழில் பரவிக் கிடக்கிறது. கொசப்பேட்டை என்ற பேரே குயவர் பேட்டைதான். இப்போது களிமண்ணோடு காகிதக்கூழும் அதிகம். காகிதத்தை ஊறவைத்து அரைத்து, சுண்ணாம்புத்தூளும் மரவள்ளி மாவுப் பசையும் சேர்த்துப் பிசைந்து அச்சில் போடுவது. எடை குறைவு, பரணில் ஏற்ற இறக்கச் சுலபம். பிளாட் வீடுகளுக்கு அதுதான் வசதி. ஊரில் என்ன நடந்தாலும் மறு வருஷம் அது பொம்மையாகிவிடும் என்பது இந்தத் தொழிலின் அழகு. காந்தி, நேரு வந்தார்கள், கிரிக்கெட் அணி வந்தது. 2019-ல் நாற்பது வருஷத்துக்குப் பிறகு அத்திவரதர் வெளியே வந்தார், ஆகஸ்ட் நடுவில் அவர் மறுபடி தண்ணீருக்குள் போனார், அந்த வருஷ நவராத்திரிக்கே அவர் பொம்மை படியேறிவிட்டது.

சரி, லேக் வியூ ரோட்டுக்கு வருவோம். அங்கே ஏரி இருந்தது என்று அப்பா சொன்னது உண்மைதான். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி. வெள்ளைக்காரன் அதற்கு லாங் டாங்க் என்றே பேர் வைத்தான். மாம்பலம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் சைதாப்பேட்டை தாலுகாவைச் சேர்ந்த ஒரு கிராமம். எங்க ஊர் மாதிரி ஏரியைப் பார்த்துப் பயிர் வைத்த கிராமம். 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. வீட்டுக்கு இடம் வேண்டும் என்று ஏரியை வடித்து, மேடாக்கி, 1923-லிருந்து 1925-க்குள் தியாகராய நகரைத் திட்டம் போட்டு உண்டாக்கினார்கள். நீதிக்கட்சி ஆட்சிக் காலம். பனகல் பூங்கா, பாண்டி பஜார், ரங்கநாதன் தெரு எல்லாம் அந்தத் திட்டத்தில் வந்ததுதான். தண்டவாளத்துக்கு மேற்கே பழைய கிராமம் மேற்கு மாம்பலமாக மீதி நின்றது. 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. செங்கல்பட்டு, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து உத்தியோகம் தேடி வந்த குடும்பங்களுக்கு மேற்கு மாம்பலம் தோதாக அமைந்தது. தி.நகரைவிட வாடகை குறைவு, ரயில் பக்கம், கோயில் பக்கம். ஏரியை வைத்துப் பிழைத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள், ஏரியை மூடின இடத்துக்குப் பக்கத்தில் குடியேறி, வருஷத்துக்குப் பத்து நாள் கண்ணாடித் துண்டில் ஏரி வைத்தார்கள்.

குத்தலாகச் சொல்லவில்லை. ஏரியைத் தூர்த்தவர்கள் அவர்கள் இல்லை. ஆனாலும் ஐப்பசி மழையில் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று பஸ் ஓடவில்லை என்று டி.வி.யில் காட்டும்போதெல்லாம், தண்ணிக்குத் தன் இடம் மறக்கவில்லை என்று எங்க வீட்டில் ஒருத்தர் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

1979-க்குத் திரும்புகிறேன். மாம்பலத்தம்மா ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வைத்து, சுற்றிலும் நம் மண்ணைக் குவித்து ஏரி. நான் பார்த்துவிட்டு, "மதகு இல்லாம தண்ணி எப்படி வயலுக்குப் போவும்?" என்றேன். அப்பா என்னை முறைத்தார். அந்தம்மாவோ சிரித்துவிட்டு, "ஆமாண்டா, நீயே வை" என்றார்கள். தீப்பெட்டி உறையைக் கரைக்குள் செருகி மதகு செய்தேன். கரையின் ஒரு ஓரத்தைத் தாழ்த்தி, மாத்திரை மூடிகளை அடுக்கிக் கலங்கல் வைத்தேன். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் போகும் வழி வேண்டாமா? எல்லா மண்ணையும் ஒரே உயரத்துக்குக் குவித்து நாலு பக்கமும் கரை போட்டிருந்தார்கள். அதையும் மாற்றினேன். ஏரிக்கு மூன்று பக்கம் கரைதான். மேட்டுப் பக்கம் திறந்திருக்கணும், அந்த வழியாகத்தானே தண்ணீர் வரும். அவங்க அதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். இருபது வயசுவரை அந்த ஏரிக்கரையில் நடந்தவர்கள், மதகு ஞாபகம் இல்லை! ஆனால் பெருமாள் கோயில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் இருந்த மகிழமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று ஞாபகம் இருந்தது. எனக்கு அந்த மரம் தெரியவே தெரியாது. அவரவர் நடமாடின இடம்தானே அவரவருக்கு ஊர்.

அப்புறம் நான் கேட்டேன், "எங்க வூடு எங்கே?"

தட்டில் கோயில் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் திண்ணை வைத்த வீட்டு வரிசை. செட்டியார் கடை, கிணறு, வயல், இரண்டு மாடு, உழுகிற ஆள் பொம்மை ஒன்று. உழுகிற ஆள் இருந்தார், அவர் சாயங்காலம் போய்ப் படுக்கிற வீடு இல்லை. அந்தம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "தெரிஞ்ச இடத்துல வைடா" என்று ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தார்கள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்க தெரு கலங்கலுக்குக் கீழே, வாய்க்கால் தாண்டி, ஊருக்கு வெளியே. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இடம் தட்டிலேயே இல்லை. ஹால் தரையில் வந்தது, வெற்றிலைத் தட்டு வைத்திருந்த இடத்தில். தீப்பெட்டியைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். நான் அழவில்லை. கோபமும் வரவில்லை. வயசு அப்படி. சாயங்காலம் பொரிவிளங்காய் உருண்டையும் கடலைச் சுண்டலும் கொடுத்தார்கள், பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ரொம்ப வருஷம் கழித்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எங்களைக் கூட்டிப்போய் விளக்கினபோது இந்தத் தீப்பெட்டி ஞாபகம் வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலைத் தேர்தல் என்று நாம் பெருமைப்படுகிற கல்வெட்டு. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பேர் எழுதின ஓலையைக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கென்று ஒரு குழு என்றால் சாதாரணமா? இன்றைக்கும் எங்க பாசனச் சங்கம் அப்படி நடந்தால் எவ்வளவோ தேவலை. ஆனால் ஓலை குடத்துக்குள் போக நிபந்தனை இருந்தது. 35 வயசுக்கு மேல், 70-க்குள், கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை. ஏரியில் இறங்கி மண் வெட்டினவன் ஓலை குடத்துக்குள் போயிருக்காது. தட்டுக்கு வெளியே என்பது மாம்பலத்தம்மா கண்டுபிடித்தது இல்லை.

மண்ணும் கை மாறியது. 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது, குத்தகைக்காரனை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. 1961-ல் நில உச்சவரம்பு. நகரத்தில் இருந்துகொண்டு நிலம் வைத்திருப்பது தலைவலி என்று பல குடும்பங்கள் விற்றுவிட்டன. எங்க நிலக்காரரும் 1980-களின் கடைசியில் அப்பாவுக்கே கொடுத்தார், தவணையில். அம்மா தாலிக்கொடியை வைத்துத்தான் முதல் தவணை. கடைசித் தவணை கட்டப் போனதும் ஒரு புரட்டாசியில்தான். குத்தகைக் கணக்கு அன்றோடு முடிந்தது. இனி மாம்பலம் போக வேண்டியதில்லை என்று நான் நினைத்தேன். மறு வருஷம் அப்பா டின்னில் மண் சலித்துக்கொண்டிருந்தார். "இன்னும் எதுக்குப்பா?" என்றேன். "மண்ணு நம்மளுதுடா இப்போ. கொடுக்கலாம்" என்றார்.

அந்தம்மா இப்போது இல்லை. அப்பாவும் இல்லை. தனி வீடு இடிந்து பிளாட் ஆகிவிட்டது. போன் பண்ணுகிற பெண் அவங்க பேத்தி, ஐ.டி.யில் வேலை. பிஸ்கட் டின் இப்போது பிளாஸ்டிக் டப்பாவாகிவிட்டது. உள்ளே ஐஸ்குச்சி, தெர்மாகோல், ஃபோம் ஷீட், சின்ன எல்.இ.டி. விளக்குச் சரம், பாரிமுனையில் வாங்கின பிளாஸ்டிக் மரம், ஃபெவிகால், பசை துப்பாக்கி. பார்க் முழுசையும் செட்டாகவே விற்கிறார்கள். கல்யாண செட், கிராம செட், கிரிவல செட் என்று. வாங்கி அடுக்கினால் பத்து நிமிஷ வேலை. தப்பில்லை, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் வேறு என்ன செய்வது. ஆனாலும் கிராம செட்டில் வருகிற ஏரிக்கு நாலு பக்கமும் கரை இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும்.

போன வருஷம் பேத்தி, "இந்தத் தடவை நம்ம தெரு ஏரியைச் செய்யப் போறேன் அங்கிள், லேக் வியூ ரோடு ஏரி" என்றது. பழைய வரைபடம் ஒன்றைப் போனில் காட்டியது. இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து பேசினோம். இந்தக் கடலோரச் சமவெளியில் நிலம் கிழக்கே சரியும், அதனால் கரை கிழக்கில் இருக்கும், மேற்குப் பக்கம் தண்ணீர் விளிம்பு, ஆக உங்க தெரு ஏரியின் மேட்டுப் பக்கத்தில் இருந்திருக்கும் என்று சொன்னேன். அது பழைய சாப்பாட்டுப் பார்சல் அட்டையில் மேடு தட்டியது. தண்டவாளத்துக்கு ஐஸ்குச்சி. ஏரிக்கு இந்தத் தடவை கண்ணாடி இல்லை, நீல ஃபோம் ஷீட்டின் மேல் பசையை ஊற்றிக் காயவிட்டது. அசல் தண்ணி மாதிரியே பளபளத்தது. கிழக்குக் கரைக்குக் கீழே என் கேழ்வரகு.

மண்ணைப் பிசைந்து கரை போடும்போது திடீரென்று கேட்டது, "இங்கே அப்போ வயல்ல வேலை செஞ்சவங்க எங்கே இருந்திருப்பாங்க அங்கிள்? அவங்க வீட்டை எங்கே வைக்கிறது?"

நான் தட்டைப் பார்த்தேன். கலங்கல் வைத்த மூலையைப் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் தரை. "அட்டை இன்னும் இருக்கா?" என்றேன். இருந்தது, மிக்ஸி வாங்கின பெட்டி. அதை வெட்டித் தட்டோடு ஒட்ட வைத்து மேலே மண் பரப்பினோம். டின்னில் மண் பத்தவில்லை. கீழே போய்ப் பூந்தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து வந்தது. நிறம் ஒட்டவில்லை, சிவப்பாகத் தெரிந்தது.

விஜயதசமி ராத்திரி மரப்பாச்சியைப் படுக்க வைத்தாயிற்று. மறுநாள் போன் வந்தது. முளைப்பயிரை என்ன செய்வது என்று. மாட்டுக்குப் போடு என்றேன். "எங்க தெருவுல மாடு ஏது அங்கிள்?" ரயில்வே கேட் பக்கம் ஒரு பால்காரர் வைத்திருந்தாரே என்றேன், அவர் போய்ப் பல வருஷமாம். கடைசியில் மாடித் தொட்டியில் கவிழ்த்ததாம். மூணாம் மாசம் போட்டோ அனுப்பியது, நாலு கதிர் கேழ்வரகு.

இந்த வருஷம் ஏரியில் ஆனி மாசமே மண் எடுத்து வைத்துவிட்டேன். இரண்டு டின்.